அழாத பிள்ளை

"சரியான குழப்படி மிஸ். ஆனால் விழுந்து இரத்தம் வந்தாலும் அழமாட்டான்."

முன்பள்ளி ஆசிரியை ஒருவர் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி என்னிடம் இப்படிக் கூறினார். மற்றப் பிள்ளைகளைக் கடிப்பான். யார் வந்து கூப்பிட்டாலும் அவர்களுடன் போய்விடுவான். சமூகவியல் கற்ற நானும் முதல்நாள் என் குறிப்பேட்டில் 'குழப்படி' என்றே எழுதினேன்.

வீட்டுக்குச் சென்றபோதுதான் விடயம் விளங்கியது. பிள்ளைக்கு ஒன்பது மாதமாக இருந்தபோது, கடன் தாங்காமல் தாய் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குச் சென்றிருந்தார். தந்தைக்குக் கூலி வேலை. பிள்ளை அம்மம்மா வீடு, பெரியம்மா வீடு, மாமி வீடு என்று மாறிமாறி வளர்ந்திருந்தான். சோற்றுக்கோ உடுப்புக்கோ குறைவில்லை.

"முதல்லே இரவிரவாகக் கத்துவான் பிள்ளை. பிறகு தானாகவே நிற்பாட்டிப் போட்டான்" என்றார் அம்மம்மா.

குழந்தையின் உடலுக்குப் புரதமும் விற்றமினும் எவ்வளவு அவசியமோ, உளநலத்துக்குத் தாயின் அல்லது தாயின் இடத்தில் நிற்பவரின் தொடர்ச்சியான அன்பும் அவ்வளவு அவசியம் என்பது, உலக சுகாதார நிறுவனத்துக்காக உளமருத்துவர் ஜோன் போல்பி 1951இல் எழுதிய அறிக்கையின் சாரம். அவருடன் பணியாற்றிய மேரி ஐன்ஸ்வேர்த் முதலில் உகண்டாவிலும் பின்னர் அமெரிக்காவிலும் தாய்மாரையும் குழந்தைகளையும் அவதானித்தார். தாய் சில நிமிடங்கள் அறையை விட்டுச் சென்று திரும்பும்போது, நல்ல பிணைப்புள்ள ஒரு வயதுக் குழந்தை தாயைத் தேடிச் சென்று, ஆறுதலடைந்து, மீண்டும் விளையாடத் தொடங்கும். சில குழந்தைகளோ அழுவதுமில்லை, திரும்பி வந்த தாயைப் பார்ப்பதுமில்லை. இவை சமத்தான குழந்தைகள் என்று நாம் நினைப்போம். ஆனால் பிற்காலத்தில் இதயத் துடிப்பை அளந்தபோது, அவையும் உள்ளே பதற்றப்படுவது தெரியவந்தது. அழுதும் பயனில்லை என்று கற்றுக்கொண்ட பிள்ளைதான் அழுவதை நிறுத்துகிறது. அடக்கிய பதற்றம் பின்னர் கடியாகவும் அடியாகவும் வெளிவரலாம்.

இதனைத் தாயின் குற்றம் என்று சொல்வது எளிது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள்ள தாய்மார் வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்வதை அரசாங்கம் 2013இல் கட்டுப்படுத்தியது. ஆனால் கடனுக்கு யார் பதில் சொல்வது? பிணைப்புக்குப் பெற்றவள் மட்டுமே வேண்டும் என்பதில்லை. தந்தையோ அம்மம்மாவோ, அழைத்தால் வருகின்ற, நாளைக்கும் இருக்கின்ற ஒருவர் வேண்டும்.

குடும்பத்தாருடன் கதைத்து மூன்று முடிவுகள் எடுத்தோம். பிள்ளை இனி அம்மம்மா வீட்டில் மட்டுமே இருப்பான். தந்தை மாலையில் அரை மணி நேரமாவது அவனுடன் விளையாடுவார். தாய் வெள்ளிக்கிழமைதோறும் ஒரே நேரத்தில் தொலைபேசியில் கதைப்பார். கடித்தால் அடிப்பதில்லை, பக்கத்தில் இருத்தி வைத்துக் கதைப்பது என்று ஆசிரியையும் ஒப்புக்கொண்டார்.

நான்கு மாதங்களின் பின் ஒருநாள் ஆசிரியை கவலையோடு வந்தார். "மிஸ், இப்ப காலையில அம்மம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். விடமாட்டேன் என்கிறான்."

எனக்கோ நெஞ்சு நிறைந்துவிட்டது. அவன் இன்னமும் இடைக்கிடை கடிக்கத்தான் செய்கிறான். ஆனால் தன் அழுகையைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று அவனுக்கு இப்போது தெரியும்.

சகோதரிகளே, 'தூக்கித் தூக்கிப் பழக்காதே, கெட்டுவிடும்' என்று யாராவது சொன்னால் அஞ்சாதீர்கள். அழுகின்ற குழந்தையைத் தூக்குங்கள். வெளியே போகும்போது ஒளித்துப் போகாமல் சொல்லிவிட்டுப் போங்கள். சொன்னபடி திரும்பி வாருங்கள்.