ஹென்றி டான்பி சீமோர்

ஹென்றி டான்பி சீமோர் (1820–1877) 19ஆம் நூற்றாண்டுப் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் ஆவார். இங்கிலாந்தின் பூல் தொகுதியிலிருந்து 1850 முதல் 1868 வரை காமன்ஸ் சபையில் இருந்தார். சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகக் குடியானவர்கள் சித்திரவதை செய்யப்பட்டதை அச்சபையில் எடுத்துரைத்தவர்களுள் இவரும் ஒருவர்.

பின்னணி

ரயத்துவாரி முறையில் கிழக்கிந்தியக் கம்பெனி நிலவரியைக் குடியானவரிடமிருந்து நேரடியாகப் பெற்றது. ஒரே தாசில்தாரிடம் வரி வசூல், காவல் ஆகிய இரு அதிகாரங்களும் இருந்தன. வரி கட்டாதவரைத் துன்புறுத்தினால், முறையிட வேண்டிய இடமும் அதே அலுவலகம்தான்.

1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி சென்னைவாசிகள் சங்கத்தைத் தொடங்கினார். மக்களின் குறைகளைச் சங்கம் நாடாளுமன்றத்துக்கு மனுவாக அனுப்பியது. 1853இல் சென்னைக்கு வந்த சீமோர், கடலூர், திருச்சிராப்பள்ளி, சேலம், திருநெல்வேலி முதலிய இடங்களுக்குச் சென்று நிலைமையை அறிந்தார். வாலிகண்டபுரம் உள்ளிட்ட இன்றைய பெரம்பலூர் மாவட்ட ஊர்கள் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தன.

1854 விவாதம்

1854 ஜூலை 11 அன்று சென்னை மாகாண நில உரிமை பற்றிய தீர்மானத்தை பிளாக்கெட் என்ற உறுப்பினர் கொண்டுவந்தார. அவ்விவாதத்தில் சீமோர் சித்திரவதை பற்றிப் பேசினார். கம்பெனி ஆதரவாளர்கள் மறுத்தனர். ஆயினும் அரசு விசாரணைக்கு உடன்பட்டது.

எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டது. அதனிடம் வந்த முறையீடுகள் 1,959. அவற்றுள் 519 பேர் நேரில் வந்து முறையிட்டனர். 1855இல் வெளியான அறிக்கை சித்திரவதை நடந்ததை உறுதி செய்தது. விரல்களைக் கட்டைகளுக்கிடையே நெரிக்கும் 'கிட்டி', கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனியவைக்கும் 'அண்ணாந்தாள்', வெயிலில் நிறுத்துதல் ஆகியவை அதில் விவரிக்கப்பட்டுள்ளன. பழியின் பெரும்பகுதியை அறிக்கை கீழ்நிலை இந்திய ஊழியர்கள் மீதே சுமத்தியது.

விளைவு

காவல் பணியை வருவாய்த் துறையிலிருந்து பிரிக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் தனிக் காவல்துறை அமைந்தது.

உரைப் பதிவுகள்

சீமோரின் உரைகள் 'ஹன்சார்டு' என்னும் நாடாளுமன்ற விவாதத் தொகுப்பில் உள்ளன. அக்காலத்தில் அது பெரும்பாலும் செய்தித்தாள் குறிப்புகளைக் கொண்டே தொகுக்கப்பட்டது. நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வப் பதிவாக அது 1909இல்தான் மாறியது. எனவே அதில் உள்ளவற்றைச் சொல்லுக்குச் சொல் அவர் பேசியதாகக் கொள்ள இயலாது. மேலும், உறுப்பினர்களின் பேச்சை மட்டுமே அதில் காணலாம். குடியானவர்களின் வாக்குமூலங்கள் ஆணைய அறிக்கையில் உள்ளன. ஆகவே மாணவர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.