தார்ப்பாய்க்குள் ஒரு ஸ்பிட்ஃபயர்
மாதம் ரூ. 6,000, ஒரு போர்ட்டிகோ, ஓய்வூதியக்காரர் ஒருவரின் பொறுமை: பழைய ஸ்போர்ட்ஸ் கார் உயிர் பெறும் கதை

பெங்களூரின் பழைய குடியிருப்பு ஒன்றில் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். துணி காயும் கொடிக்குக் கீழே ஒரு கார் பானெட் சுவரில் சாய்ந்திருக்கும். போர்ட்டிகோவில் நீலத் தார்ப்பாய்க்குள் இடுப்பளவு உயரத்தில் ஏதோ படுத்திருக்கும். விலக்கிப் பார்த்தால் 1968ம் வருட டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்: இரண்டே இருக்கை, மடக்கும் கூரை, 1296 சி.சி. என்ஜின்.

உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்கிறார். காரணம் அடக்கம் அல்ல. "பேப்பரில் பெயர் வந்தால் மறுநாளே தரகர்கள் வாசலில் நிற்பார்கள். என் மனைவி விலை பேசி முடித்துவிடுவாள்."

பழைய கார் என்றால் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்பதுதான் பொதுவான எண்ணம். ராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ்களும் தொழிலதிபர்களின் பென்ஸ்களும் அணிவகுக்கும் ஊர்வலங்கள் அந்த எண்ணத்தை வளர்த்திருக்கின்றன. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து அதே வேலையைச் செய்ய முடியுமா? முடியும் என்று காட்ட இவர் ஐந்து ஆண்டுகளைச் செலவழித்திருக்கிறார். இடையில் ஒருமுறை எல்லாவற்றையும் காயலான் கடைக்கு அனுப்ப இருந்தார்.

சென்னை உறவு

ஸ்பிட்ஃபயர் பிரிட்டிஷ் கார். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிகெலோட்டியின் கைவண்ணம். பணமுடையால் மூலையில் மூடி வைக்கப்பட்டிருந்த மாதிரி வண்டியை, டிரையம்ஃப் கம்பெனியை வாங்கிய லேலண்ட் நிறுவனத்தார் பார்த்துவிட்டு உற்பத்திக்கு அனுமதி கொடுத்தார்கள் என்பது கார் உலகில் பிரசித்தமான கதை. 1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன.

இந்தியாவில் இந்தக் கார் தயாராகவில்லை. ஆனால் அதன் தாய் இங்கேதான் இருந்தது. டிரையம்ஃப் ஹெரால்டு காரின் பாகங்களைக் கொண்டு உருவானதுதான் ஸ்பிட்ஃபயர். அந்த ஹெரால்டு, 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் 1961 முதல் சென்னைப் புறநகர் வண்டலூர் அருகே தயாரானது. முன்சக்கர சஸ்பென்ஷன் முதல் பல சில்லறைச் சாமான்கள் வரை இரண்டுக்கும் உறவு உண்டு. இருபத்தைந்து அடி அகலத் தெருவிலேயே ஆட்டோ ரிக்ஷா மாதிரி திரும்பும் குணமும் தாயிடமிருந்து வந்ததுதான். "இந்த உறவு மட்டும் இல்லையென்றால் நான் தொட்டிருக்கவே மாட்டேன்" என்கிறார் அவர்.

முதலில் காகிதம்

2019ல் ஒரு தோட்ட வீட்டின் கொட்டகையில், கோழிகளுக்கு நடுவே வண்டியைப் பார்த்தார். பழைய உரிமையாளர் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. துருவைப் பார்க்கும் முன் அவர் கேட்டது ஆர்.சி. புத்தகத்தை. இறந்தவரின் மகள் டிரங்குப் பெட்டியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்த பிறகுதான் பேரமே தொடங்கியது. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் சரிபார்த்துவிட்டு, பணிக்கொடையில் ஒரு பகுதியைக் கொடுத்தார். "காகிதம் இல்லாத கார் வெறும் இரும்பு. அதற்கு எடைக்குத்தான் விலை."

வீட்டில் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. மாதம் ரூ. 6,000. அதற்கு மேல் ஒரு பைசா கூடாது. அந்த மாதம் செலவாகாவிட்டால் அடுத்த மாதத்துக்குச் சேரும். கடன் கூடாது. கணக்கு எழுதும் நோட்டு சமையலறையில்தான் இருக்கிறது.

சிக்கனத்துக்குச் சில வழிகள் கைகொடுத்தன. பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், சலவை சோடா, ஒரு பழைய பேட்டரி சார்ஜர், கொஞ்சம் இரும்புக் கழிவு. துருப்பிடித்த பாகத்தை நெகட்டிவிலும் கழிவு இரும்பை பாசிட்டிவிலும் மாட்டினால் ஒரே இரவில் துரு கழன்றுவிடும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் மூடிய அறையில் செய்யக்கூடாது. கழிவு இரும்புக்குப் பதில் எவர்சில்வரைப் போடக்கூடாது, தண்ணீர் நஞ்சாகிவிடும்.

நான்கு மாதத் தவறு

பெரிய அடி விழுந்தது கதவுக்குக் கீழே. ஹெரால்டுக்கு வலுவான சட்டம் உண்டு. ஸ்பிட்ஃபயருக்கு முதுகெலும்பு மாதிரி நடுவில் ஓடும் சேஸிஸ் மட்டும்தான். பக்கவாட்டு வலுவெல்லாம் கதவுக்கு அடியில் ஓடும் 'சில்' என்ற தகரப் பெட்டியில் இருக்கிறது. கூரையில்லாத கார் என்பதால் மேலேயிருந்தும் பிடிமானம் இல்லை. துருவேறியிருந்த இடது பக்கச் சில்லை அவர் வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்தார். கதவை மாட்டினால் மூடவில்லை. முன்னும் பின்னும் ஸ்டாண்டில் நின்ற பாடி, நடுவில் வாழை இலை போலத் தொய்ந்திருந்தது. தொய்ந்த நிலையிலேயே வெல்டிங்கும் இறுகிவிட்டது.

"வெட்டுவதற்கு முன்னால் கதவு வாயிலில் குறுக்கே ஆங்கிள் வைத்துப் பற்ற வைத்திருக்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் ஃபிட்டராக இருந்தவனுக்கு அது தோன்றவில்லை" என்று சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை. போட்ட வெல்டிங்கை மீண்டும் அறுத்து, ஜாக்கியால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தூக்கி, கதவு இடைவெளியைச் சமமாக்கி, ஆங்கிள் கொடுத்து, திரும்பவும் பற்ற வைத்தார். நான்கு மாதம் போனது. நோட்டுக் கணக்கில் ரூ. 24,000.

இன்னொரு என்ஜின்

அடுத்த சோதனை என்ஜினில். இந்த என்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுப்பவை அரைவட்ட வடிவிலான இரண்டு மெல்லிய வாஷர்கள். கிளட்சில் காலை வைத்தபடியே ஓட்டுகிறவர்கள் அவற்றைச் சீக்கிரம் தேய்த்துவிடுவார்கள். தேய்ந்தால் கீழே எண்ணெய்த் தொட்டியில் விழும். பிறகு கிராங்க் நேராக என்ஜின் பிளாக்கையே உராயும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்பக்கக் கப்பியைப் பார்த்தால் போதும். கண்ணுக்குத் தெரியுமளவு நகர்ந்தால் ஆபத்து. இவருடைய வண்டியில் வாஷர்கள் எப்போதோ விழுந்திருந்தன.

மெக்கானிக்குகள் ஒரே குரலில் சொன்னார்கள்: தூக்கிப் போட்டுவிட்டு மாருதி ஜிப்ஸி என்ஜினை வையுங்கள். மலிவு, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். இந்தியாவில் பழைய கார்கள் பல இப்படித்தான் பிழைத்திருக்கின்றன.

அவரைத் தடுத்தது ஒரு அரசு அறிவிக்கை. 2021ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளை 'விண்டேஜ்' எனப் பதிவு செய்யலாம். எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். பத்தாண்டு செல்லும். ஆனால் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் கூடாது. இன்னொரு என்ஜின் ஏறினால் அந்தக் கதவு மூடிவிடும்.

அந்த வாரம்தான் காயலான் கடை யோசனை வந்தது. மகன் விற்கச் சொன்னார். தரகர் ஒருவர் போட்டது போட்டபடி வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். முடிவை மாற்றியவர் தெரிந்த லேத் பட்டறைக்காரர். உராய்ந்த முகத்தைச் சமப்படுத்தித் தந்தார். பிரிட்டனிலிருந்து கூடுதல் தடிமன் கொண்ட வாஷர்கள் தபாலில் வந்தன. "வாஷரின் விலையைவிடத் தபால் செலவு அதிகம்" என்று நோட்டில் எழுதியிருக்கிறது.

காயலான் கடைப் பயணம்

மற்ற சாமான்களுக்கு ஹெரால்டு உறவு உதவியது. சென்னை புதுப்பேட்டை, கொல்கத்தாவின் மல்லிக் பஜார், டெல்லியின் மாயாபுரி என எங்கே உறவினர் போனாலும் கையில் ஒரு பட்டியல் கொடுத்தனுப்புவார். முன்சக்கரத்தைத் தாங்கும் பித்தளை 'டிரனியன்' அப்படி வந்ததுதான். இதற்கு கிரீஸ் அடிக்கக்கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் உள்ளே வழி அடைத்து, துரு பிடித்து, ஒருநாள் சக்கரம் மடங்கிவிடும். பல ஹெரால்டுகளின் முடிவு இப்படித்தான் நேர்ந்தது.

காலமும் புதுச் சிக்கல்களைக் கொண்டுவந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000லேயே நாட்டில் நின்றுவிட்டதால், ஹெட்டில் கடினமான வால்வ் சீட்டுகள் பொருத்த வேண்டியிருந்தது. 2025ல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவியது. எத்தனால் பழைய ரப்பரைத் தின்றுவிடும். குழாய்கள், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் எல்லாவற்றையும் மாற்றினார்.

பட்டி பார்த்துத் தேய்க்கும் வேலையை ஒரு மழைக்காலம் முழுவதும் வீட்டிலேயே செய்தார். கடைசிப் பெயின்ட் மட்டும் வெளிப் பட்டறையில். இரண்டு கலவை பெயின்டில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு விஷம். முகத்தில் கர்சீப் கட்டிக்கொண்டு போர்ட்டிகோவில் அடிக்கும் சமாச்சாரம் அல்ல. ஆனால் பெயின்டர் வாங்கும் கூலியில் பெரும்பகுதி தேய்ப்புக்குத்தான். அது மிச்சம்.

ஐந்தாண்டு முடிவில் நோட்டின் கூட்டுத்தொகை ரூ. 3,60,000. இந்தப் பணத்தில் ஒரு நல்ல செகண்ட்ஹேண்ட் கார் வாங்கியிருக்கலாமே? "வாங்கியிருக்கலாம்" என்று உடனே ஒப்புக்கொள்கிறார். "ரிட்டயர் ஆன மறுநாள் காலை எட்டு மணிக்கு எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நின்றேன். இப்போது எட்டு மணிக்கு எனக்கு வேலை இருக்கிறது."

சில வாரங்களுக்கு முன் என்ஜின் முதல்முறை ஓடியது. தெருவே கூடிவிட்டது. இனி பாக்கி இருப்பது பதிவு. ஆனால் விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியைத் தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரணங்களுக்கு மட்டும்தான் சாலைக்கு வரலாம்.

ஐந்து வருடக் கணக்கு நோட்டைப் பாதுகாத்த மனைவிக்கு இது இப்போதுதான் தெரியவருகிறது. காபி டம்ளரை வைத்துவிட்டு நிற்கிறார்.

"அப்படியென்றால் இதில் மார்க்கெட்டுக்குப் போக முடியாதா?"

"சட்டப்படி முடியாது. பெட்ரோல் போடப் போகலாம்."

அவர் சற்று யோசிக்கிறார். "பங்க் மார்க்கெட்டுக்கு எதிரில்தானே இருக்கிறது?"