சமையலறைக் கழிவும் கார்பன் தடமும்: திருவனந்தபுரம் கற்ற பாடம்

திருவனந்தபுரம்: வீட்டின் கார்பன் தடம் என்றதும் மின்சாரமும் வாகன எரிபொருளுமே நினைவுக்கு வருகின்றன. சமையலறைக் கழிவு கணக்கில் சேர்வது அரிது.

குப்பைமேட்டில் குவியும் உணவுக் கழிவு, காற்றுப் புகாமல் அழுகி மீத்தேனை வெளியிடுகிறது. 100 ஆண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடை விட இது சுமார் 27 மடங்கு புவியை வெப்பமாக்கும்.

திருவனந்தபுரத்தின் கழிவுகள் முன்பு விளப்பில்சாலா ஆலைக்கு அனுப்பப்பட்டன. உள்ளூர் மக்களின் போராட்டத்தால் 2011 டிசம்பரில் ஆலை மூடப்பட்டது. அதன்பின், வீட்டிலேயே உரமாக்கும் முறையை மாநகராட்சி ஊக்குவித்தது.

இம்முறையில், அடுக்குத் தொட்டியில் கழிவை இட்டு, நுண்ணுயிர் கலந்த தென்னை நார்க்கழிவைத் தூவ வேண்டும். காற்றோட்டத்தில் மட்குவதால் மீத்தேன் வெகுவாகக் குறைகிறது. கழிவை ஏற்றிச்செல்லும் வாகனத்தின் எரிபொருளும் மிச்சமாகிறது. உயிரி எரிவாயுக் கலன் அமைத்தால், மீத்தேனே அடுப்பெரிக்கப் பயன்படும். மட்காத கழிவுகளை ஹரித கர்ம சேனையினர் வீடுதோறும் சேகரிக்கின்றனர்.

உரத் தொட்டியில் ஈரம் மிகுந்து காற்று தடைபட்டால் மீத்தேன் மீண்டும் உருவாகும். துர்நாற்றமே அதன் அறிகுறி. நார்க்கழிவைக் கூடுதலாகச் சேர்த்துக் கிளறிவிட்டால் தொட்டி சீராகும்.