மூலிகைக் கூட்டும் இரத்த அழுத்தமும்

இரத்தக் கொதிப்பு என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லும் நோயை மருத்துவ நூலார் மிகை இரத்த அழுத்தம் என்பர். உண்மையில் இரத்தம் கொதிப்பதில்லை. இதயம் உந்தும் இரத்தம் குழாய்ச் சுவர்களின்மேல் செலுத்தும் விசை வரம்பு கடந்து நிற்கிறது, அவ்வளவே. மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90 என்னும் அளவை எட்டி அங்கேயே நிலைத்துவிட்டால் அது நோய். பெரும்பாலும் வலி தராது. ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்து, ஒரு நாள் மூளையையோ இதயத்தையோ சிறுநீரகத்தையோ தாக்கும்.

இந்நோய்க்குப் பல மூலிகைகளைக் கூட்டிச் செய்த மருந்து ஏற்றதா என்று என்னை வினவுவோர் எங்கள் பிள்ளைச்சாவடியில் பலர். கடலோர ஊராதலின் கருவாட்டுக்குக் குறைவில்லை. அதனோடு உப்பும் உடலில் சேர்கிறது. நான் மருத்துவன் அல்லேன். பள்ளியில் அறிவியல் கற்பித்தவன். ஆதலின் மருந்து சொல்ல வரவில்லை. மருந்தை எவ்வாறு ஆராய்வது என்பதை மட்டும் கூற வந்தேன்.

சீன வைத்தியத்திலும் நம் சித்த வைத்தியத்திலும் கூட்டு மருந்துக்கு மதிப்பு அதிகம். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகத்தை நீங்கள் அறிவீர்கள். ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும் என்பது இம்முறையின் கருத்து. இக்கருத்து மெய்யாகுமா? நம் நாட்டுச் செடியொன்றின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

அச்செடி சர்ப்பகந்தி. இமயமலை அடிவாரத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் சிறு செடி. பித்தம் தலைக்கேறியோரை அமைதிப்படுத்த அதன் வேரை நம் வைத்தியர்கள் நெடுங்காலம் வழங்கி வந்தனர். 1931-இல் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போசும், அவ்வேர் உயர்ந்த இரத்த அழுத்தத்தைத் தணிப்பதாக எழுதினர். அதே ஆண்டில் தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கீ அவ்வேரிலிருந்து சில காரப்பொருள்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல்கான் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். ஒரே வேருக்குள் பல பொருள்கள்! தனி மூலிகை என்று நாம் நினைப்பதும் இயற்கை செய்த கூட்டுத்தான்.

1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், நோயாளர்களுக்கு இவ்வேரைக் கொடுத்து, அழுத்தத்தை அளந்து பெற்ற முடிவுகளை இங்கிலாந்தின் இதயநோய் இதழொன்றில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் அவ்வேரிலிருந்து ரிசர்பின் என்னும் பொருளைப் பிரித்தனர். ஒரு கிராமை நாலாயிரம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கே ஒரு நாளைக்குப் போதுமான அளவாயிற்று. அளவு மிகுந்தாலோ மூக்கடைப்பும், சிலருக்குக் கொடிய மனச்சோர்வும் வந்தன. தனி மருந்தை மிகுதியாகக் கொடுப்பதன் தீங்கு இங்கே விளங்கியது.

இனிக் கூட்டுக்கு வருவோம். ஹைட்ரலசின் என்னும் மருந்து இரத்தக் குழாய்களை விரிக்கும். ஆனால் இதயத் துடிப்பு விரைந்துவிடும், உடலில் உப்பும் நீரும் தங்கும். ரிசர்பின் அவ்விரைவை அடக்கும். ஹைட்ரோகுளோரோதயசைடு என்னும் மூன்றாவது மருந்து, தங்கிய உப்பையும் நீரையும் சிறுநீர் வழியே வெளியேற்றும். ஒவ்வொன்றும் வெவ்வேறு வழியில் வேலை செய்வதால் ஒவ்வொன்றும் சிறிதளவே போதும். நம் முன்னோர் கருதிய கூட்டு நெறியே இது. ஆயின் அளவோடும் காரணத்தோடும் அமைந்தது. சீனாவில் பூஜ்ய எண் மாத்திரை என்று பெயர்பெற்ற மருந்தும் ரிசர்பினை மற்ற மருந்துகளோடு சேர்த்த இவ்வகைக் கூட்டே.

அது பயன் தந்ததா? அமெரிக்காவில் எட்வர்டு ஃப்ரீஸ் என்பாரும் அவருடன் உழைத்தோரும் கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆடவரை இரு பிரிவாக்கினர். 73 பேருக்கு மேற்சொன்ன மும்மருந்துக் கூட்டு; 70 பேருக்கு மருந்தில்லா வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளருக்குத் தெரியாது. 1967-இல் முடிவு வெளிவந்தது. வெறும் மாத்திரை உண்டோரில் 27 பேருக்குக் கடுந்தீங்கு நேர்ந்தது. கூட்டு மருந்து உண்டோரில் இருவருக்கே. இரத்த அழுத்தத்தைக் குறைப்பது உயிர் காக்கும் என்பதை ஐயமற நாட்டிய ஆய்வுகளுள் இது முதன்மையானது. இன்று ரிசர்பினின் இடத்தைப் பெரும்பாலும் வேறு மருந்துகள் பிடித்துக்கொண்டன. எனினும் இரு மருந்துகளைச் சிறிய அளவில் சேர்க்கும் நெறி நிலைத்துவிட்டது; 2019-இல் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய கூட்டு மாத்திரைகளை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

கூட்டு நன்மையைப் பெருக்குவது போலவே தீமையையும் பெருக்கும். அதிமதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டைக்கு இதமானது, சீனக் கூட்டு மருந்துகளிலும் மிகுதியாகச் சேர்வது. ஆயின் அதை நாள்தோறும் மிகுதியாக உண்டால் உடலில் உப்பு தங்கி அழுத்தம் உயரும். பொட்டாசியம் என்னும் தாதுவும் குறையும். முன் சொன்ன தயசைடு மருந்தும் பொட்டாசியத்தைக் குறைப்பதே. இரண்டும் சேர்ந்தால் தசை தளரும், இதயத்துடிப்பும் தடுமாறக்கூடும். எங்கள் ஊரில் மாத்திரையை உண்டுகொண்டே, யாரோ கொடுத்த பொடியையும் மூன்று மாதம் உண்ட முதியவர் ஒருவர், கால் தளர்ந்து மருத்துவமனைக்குச் சென்றார். பொடியில் பாதி அதிமதுரம். அதனை நிறுத்திய பின்னரே தேறினார். மூலிகையாயிற்றே, தீங்கு செய்யாது என்று அவர் நம்பியிருந்தார். தீங்கு செய்ய வல்லதல்லாத பொருள் நோயை மட்டும் எவ்வாறு தாக்கும்?

ஆகவே, மாணவர்களே, உங்கள் வீட்டுக்கு ஒரு பொடியோ கஷாயமோ வருமாயின் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதில் என்னென்ன உள்ளன? ஒவ்வொன்றும் எவ்வளவு? உண்டவர்களின் அழுத்தத்தை அளந்து பார்த்தவர் யார்? விடை கிடைக்காவிடின் விலகி நில்லுங்கள். தாத்தாவும் பாட்டியும் உண்ணும் பொடியின் பெயரை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மருத்துவர் தந்த மாத்திரையைத் தாமே நிறுத்தவும் விடாதீர்கள். உணவில் உப்பை நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் நிறுத்தப் பழக்குங்கள். சர்ப்பகந்தியை நமக்குக் காட்டியவர்கள் நம் வைத்தியர்கள். அதன் ஆற்றலை அளந்து காட்டியவர்கள் ஆய்வாளர்கள். இருசாராரிடமும் கற்க வேண்டியது உங்கள் தலைமுறை.