துரும்பைக் காட்டுவதா, கவிழ்ப்பதா?

கைச்சீட்டை எதிரிக்குக் காட்டலாமா? போக்கர் ஆட்டத்தில் அதனால் வரும் இலாபமும் நட்டமும் காட்டியவர் ஒருவரையே சேரும். யாழ்ப்பாணத் தமிழரின் '304' ஆட்டத்திலோ கூட்டாளி ஒருவரும் உளர், சிக்கல் அங்குதான். பாடாங் மேஹா முதலிய கெடாத் தோட்டப்புறத் தமிழர் பெரும்பாலும் தமிழ்நாட்டு வழியினராதலின் ஆட்டமுறையைச் சிறிது விளக்குதல் நன்று.

சீட்டுகள் 32, இருவர்க்கு இருவர் எதிர். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஓரினத்துக்கு 76 ஆக, நான்கினத்துக்கும் 304. ஆட்டத்தின் பெயரும் அதுவே. முதல் நான்கு சீட்டைக் கண்டதும் கேள்வி நடக்கும். வென்றவர் துரும்பொன்றைக் கவிழ்த்து வைப்பார். (தமிழ்நாட்டார் துருப்பு என்பதே இத்துரும்பு. வைக்கோல் துரும்பு அற்பம். சீட்டுத் துரும்போ ஆசையும் வெட்டும்!)

துரும்பை மறைத்தே ஆடினால், கேட்ட இனம் இல்லாதவர் தம் சீட்டைக் கவிழ்த்துப் போடலாம். பிடி முடிந்ததும் அவற்றைப் புரட்டிப் பார்ப்பவர் துரும்பு வைத்தவரே. அவற்றுள் துரும்பு இருந்தாலன்றிப் பிறர் காணார். பிறர் கழித்ததை அறிவது மறைத்தவர்க்குப் பெருநன்மை. ஆயினும் கூட்டாளியும் இருளிலன்றோ இருக்கிறார்! தம் கையிலுள்ள ஒன்பது துரும்பென்று அறியாமலே அவர் அதனை எதிரியின் பிடியில் இழத்தல் கூடும். கவிழ்த்த சீட்டும் கட்டுண்டு கிடக்கும்.

ஜாக்கியும் ஒன்பதும் சேர்ந்த வலிய கைக்கு இவ்விழப்பு வேண்டாதது. காட்டிவிட்டால் அச்சீட்டு கைக்குத் திரும்பும். கூட்டாளிக்கும் வழி தெரியும். சிறு துரும்புகளே உடையவர்க்கு மறைப்பே துணை.