ஆள் பார்த்து வரும் கோபம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பார்மா என்றொரு நகரம். 2023 செப்டம்பரில் அங்குள்ள சிபோட்லே துரித உணவுக் கடையில் ஒரு பெண், தான் கேட்டபடி உணவு தயாராகவில்லை என்று கத்தினார். கத்தியதோடு நிற்கவில்லை. கையிலிருந்த உணவுக் கிண்ணத்தைக் கவுன்டருக்குப் பின்னால் நின்ற பெண் மேலாளரின் முகத்தில் வீசி எறிந்தார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். மூன்று மாதமும் சிறையில் இருக்கலாம். அல்லது ஒரு மாதம் சிறையில் இருந்துவிட்டு, மீதி இரண்டு மாதத்துக்குப் பதிலாகத் துரித உணவுக் கடை ஒன்றில் வாரம் 20 மணி நேரமாவது வேலை பார்க்கலாம். அந்தப் பெண் வேலையைத் தேர்ந்தெடுத்தார்.

இந்தச் செய்தியைப் படித்தபோது நமக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் உறைத்தது: நீதிபதியின் கணக்கில், கவுன்டருக்குப் பின்னால் இரண்டு மாதம் நிற்பது இரண்டு மாதச் சிறைக்கு ஈடு. பர்கர் மடித்துக் கொடுப்பதில் அப்படி என்ன தண்டனை இருக்கிறது? எதிரே வந்து நிற்கும் நம்மைப் போன்றவர்களைத் தாங்குவதுதான் அந்தத் தண்டனை.

பிறரைச் சொல்வானேன். சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் வந்துகொண்டிருந்தோம். வழியில் மஃரிப் தொழுதுவிட்டு, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கடையில் நிறுத்தினோம். பிள்ளைகள் பிரைடு சிக்கன் கேட்டார்கள். ஹலால் சான்றிதழ் எங்கே என்று கேட்டதும் கவுன்டரில் இருந்த பையன் விழித்தான். உள்ளே போய்க் கேட்டு வந்து சுவரைக் காட்டினான். அதிலேயே நமக்குப் பாதி எரிச்சல். பணம் கட்டி டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், நமக்குப் பின்னால் வந்தவர்களின் எண்கள் எல்லாம் திரையில் வருகின்றன. நம் எண் வரவில்லை. 25 நிமிடம் ஆனது. எழுந்து போய், கடையே திரும்பிப் பார்க்கும் குரலில், “என்னப்பா கடை நடத்துறீங்க? மனுஷன் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கிறது?” என்று தொடங்கினோம். ஜும்ஆவில் நற்குணம் பற்றிப் பேசும் அதே வாயால், இங்கே எழுத முடியாத ஒன்றிரண்டு வார்த்தைகளும் வந்துவிட்டன.

அந்தப் பையன், “சாரி சார், ஆன்லைன் ஆர்டரும் இதே கிச்சனுக்குத்தான் வருது. சிஸ்டத்துல வர்ற வரிசைப்படிதான் கொடுக்க முடியும் சார்” என்றான். மூன்று முறை மன்னிப்புக் கேட்டான்.

காரில் ஏறியதும் பத்து வயது மகள் கேட்டாள்: “அத்தா, அந்த அண்ணனா சிக்கன் பொரிச்சாங்க?”

இல்லை என்றோம்.

“அப்ப ஏன் அவங்களைத் திட்டினீங்க?”

அப்போது சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தோம்.

பசி, பயணக் களைப்பு என்று காரணம் சொல்லிவிடலாம். ஆனால் அது நிற்காது. வளைகுடாவுக்குப் போய்வந்த சகோதரர்கள் நினைத்துப் பாருங்கள். நள்ளிரவில் விமானம் இறங்கும். பசி, தூக்கம், கையில் பெட்டி. குடியேற்றச் சோதனை வரிசை பாம்பாக வளைந்து கிடக்கும். அதிகாரி திடீரென்று கவுன்டரை மூடிவிட்டு எழுந்து போவார். அங்கே நாம் யாராவது குரல் உயர்த்துகிறோமா? பாஸ்போர்ட்டைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டு, முகத்தில் சிரிப்போடு நிற்கிறோம். வங்கி மேலாளரின் அறை வாசலிலும் அப்படித்தான். அதே பசி, அதே களைப்பு, அதே மனிதன். 25 நிமிடத்துக்குக் கொதிப்பவனால் இரண்டரை மணி நேரம் பொறுக்கவும் முடிகிறது. திருப்பி அடிக்க முடியாதவர் எதிரே நிற்கும்போதுதான் ‘அடக்க முடியாத’ கோபம் வருகிறது.

1939இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டாலர்டும் அவருடைய சகாக்களும் ஏமாற்றத்துக்கும் மூர்க்கத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். கோபத்துக்குக் காரணமானவரைத் தொட முடியாதபோது, அந்தக் கோபம் ஆபத்தில்லாத வேறொருவர் மீது திரும்புகிறது என்பது அதில் அவர்கள் சொன்ன கருத்துகளுள் ஒன்று. அலுவலகத்தில் அதிகாரியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவர் வீட்டில் மனைவியிடம் காட்டுவார் என்று நம் ஊர்ப் பெண்களுக்கு யேல் போகாமலே தெரியும். அது தனிக் கட்டுரை.

அந்தக் கவுன்டர் எப்படி உருவானது

மெக்டொனால்டு சகோதரர்கள் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ஒரு உணவகம் நடத்திவந்தார்கள். காரில் வருபவர்களுக்குக் காருக்கே சென்று பரிமாற அங்கே பெண்கள் இருந்தார்கள். 1948இல் சகோதரர்கள் கடையைச் சில மாதம் மூடி, எல்லாவற்றையும் மாற்றினார்கள். பரிமாறிய பெண்களை வேலையிலிருந்து எடுத்தார்கள். உணவு வகைகளை ஒன்பதாகக் குறைத்தார்கள். தட்டுக்குப் பதிலாகக் காகிதம் வந்தது. ஒருவர் இறைச்சியை வாட்டுவார், இன்னொருவர் ரொட்டியில் வைப்பார், வேறொருவர் மடித்துக் கொடுப்பார் என்று தொழிற்சாலை போல வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். வாடிக்கையாளரே ஜன்னலுக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஹாம்பர்கர் விலை 15 சென்ட். உலகமெங்கும் இன்று நாம் பார்க்கும் துரித உணவுக் கடைக்கு இதுதான் அச்சு. 1996இல் டெல்லி வசந்த் விஹாரில் திறந்த இந்தியாவின் முதல் மெக்டொனால்ட்ஸ் வரை இந்த அச்சில் வார்த்ததுதான்.

இந்த ஏற்பாட்டில் உணவு மலிந்தது. சாமானியர் வீட்டுப் பிள்ளைகளும் குடும்பத்தோடு வெளியே சாப்பிட முடிந்தது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சமைப்பவர், விலை வைப்பவர், எத்தனை பேரை வேலைக்கு வைப்பது என்று முடிவு செய்பவர் யாரையும் நாம் பார்க்க முடியாது. நமக்குத் தெரிவது ஒரே ஒரு முகம். அந்த முகத்துக்கோ எதையும் மாற்றும் அதிகாரம் கிடையாது. சாஸ் பாக்கெட் இரண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற விதியையும் அந்தப் பையன் போடவில்லை.

பேச்சுகூட அவனுடையது அல்ல. ராபின் லெய்ட்னர் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மெக்டொனால்ட்ஸ் கடையில் பயிற்சி பெற்று, அங்கே வேலையும் செய்து பார்த்து, 1993இல் ஒரு நூல் எழுதினார். வரவேற்பது, ஆர்டர் கேட்பது, எடுத்து வைப்பது, கொடுப்பது, பணம் வாங்குவது, நன்றி சொல்லி மீண்டும் வரச் சொல்வது என ஆறு படிகள் அங்கே கற்றுத்தரப்பட்டதை அதில் விவரிக்கிறார். ஒரே வாக்கியத்தை நாள் முழுவதும் ஒரே குரலில் சொல்லும் ஒருவரை நாமும் மெல்ல மெல்ல இயந்திரமாகத்தான் பார்க்கத் தொடங்குகிறோம். ஏடிஎம் கார்டை விழுங்கினால் தட்டுகிறோமே, அந்தத் தட்டுதான் இங்கேயும்.

நம் தெரு டீக்கடையில் இப்படி நடக்காது. அங்கேயும் டீ தாமதமாகும், சில நாள் ஆறிப்போயும் வரும். ஆனால் டீ போடும் பாய்க்கு நம் அத்தாவைத் தெரியும், நமக்கு அவர் மகளின் நிக்காஹ் தேதி தெரியும். நாளைக் காலையும் அங்கேதான் போயாக வேண்டும். வார்த்தை தடித்தால் சாயங்காலத்துக்குள் பள்ளிவாசல் திண்ணைக்குச் செய்தி வந்துவிடும். நெடுஞ்சாலைக் கடையில் நம்மை யாருக்கும் தெரியாது, அவரையும் நமக்குத் தெரியாது. சென்னை போன்ற நகரங்களில் கவுன்டரில் நிற்கும் பலர் அஸ்ஸாமிலிருந்தோ மணிப்பூரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர்கள். தமிழ் தட்டுத்தடுமாறி வரும். அதைச் சொல்லிச் சிரிக்கவும், “தமிழ் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடு” என்று விரட்டவும் நமக்குத் தயக்கமே இருப்பதில்லை.

சிரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானிய மெக்டொனால்ட்ஸ் கடைகளின் விலைப்பட்டியலில் ‘புன்னகை, 0 யென்’ என்று ஒரு வரி உண்டு. விளையாட்டாகச் செய்ததுதான். ஆனால் புன்னகை இலவசம் அல்ல என்பதை ஆர்லி ஹோக்‌ஷீல்ட் என்ற அறிஞர் 1983லேயே விளக்கிவிட்டார். பட்டப்படிப்பில் நமக்கு இது பாடமாக இருந்தது. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த அவர், உள்ளே ஒன்று இருக்க வெளியே வேறொன்றைக் காட்டிக்கொண்டே இருப்பதும் ஒரு உழைப்புத்தான், அதுவும் ஆளைக் களைக்க வைக்கும் என்றார். திட்டு வாங்கும்போதும் சிரித்தாக வேண்டும். சிரிக்காவிட்டால் அதற்கு வேறு புகார். அதே ஜப்பானில் வாடிக்கையாளர்களின் அத்துமீறல் தாங்க முடியாமல் போய், அதைத் தடுக்கவென்றே டோக்கியோ மாநகர நிர்வாகம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

காத்திருப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. டேவிட் மைஸ்டர் என்பவர் 1985இல் வரிசையில் நிற்பவர்களின் மனநிலை பற்றி எழுதினார். காரணம் சொல்லப்படாத காத்திருப்பு நீளமாகத் தெரியும், நியாயமில்லாத காத்திருப்பும் நீளமாகத் தெரியும் என்றார். நம் கண்முன்னே பின்னால் வந்தவரின் எண் திரையில் வந்ததே, அதுதான் இது. பிரியாணிக்கு முக்கால் மணி நேரம் பேசாமல் உட்காருவோம். ‘துரிதம்’ என்று பலகை வைத்த இடத்தில் கால் மணி நேரம் போனால் ஏமாற்றிவிட்டதாகத் தோன்றுகிறது. வேகமாகத் தருவேன் என்று வாக்குக் கொடுத்தது நிறுவனம். அதைக் காப்பாற்ற ஓடுவது கவுன்டரிலும் சமையலறையிலும் நிற்கும் நான்கு பேர்.

கேட்க உரிமை உண்டு, யாரிடம்?

காசு கொடுக்கிறோம், கேட்கக் கூடாதா என்று சிலர் கேட்பார்கள். கேட்கலாம். கெட்டுப்போன உணவையும் கூடுதல் பில்லையும் வாய்மூடி ஏற்றுக்கொள்ள மார்க்கம் சொல்லவில்லை. இந்த இடத்தில் ஒரு ஹதீஸை எடுத்துக்காட்டுவார்கள். நபி (ஸல்) அவர்களிடம் ஒருவர் தமக்குத் தர வேண்டிய ஒட்டகக் கடனைக் கேட்டு வந்தார், கடுமையாகப் பேசினார். தோழர்கள் அவர் மீது பாயப் போனார்கள். நபியவர்கள் தடுத்து, உரிமை உள்ளவருக்குப் பேசவும் உரிமை உண்டு என்ற கருத்தில் சொன்னார்கள். அவருக்குரியதைவிட நல்ல ஒட்டகத்தையே கொடுக்கச் செய்தார்கள். புகாரியில் வரும் செய்தி இது.

இதை மேற்கோள் காட்டுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த மனிதர் பேசியது கடன்பட்டவரிடமே. வாசலில் நின்ற பணியாளரிடம் அல்ல. நமக்குக் கடன்பட்டிருப்பது நிறுவனம். கவுன்டரில் நிற்பவர் நம்மிடம் எதுவும் வாங்கவில்லை, நமக்கு எதுவும் தர வேண்டியவரும் இல்லை. புகார் இருந்தால் மேலாளரிடம் சொல்லலாம், நிறுவனத்துக்கு எழுதலாம், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அதற்கெல்லாம் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். பையனைத் திட்ட ஒன்றும் மெனக்கெட வேண்டாம்.

உணவு சமைத்துக் கொண்டுவரும் பணியாளரைப் பற்றி நேரடியாகவே ஒரு ஹதீஸ் இருக்கிறது, அதுவும் புகாரியில். அவரை உடன் உட்காரவைக்க இயலாவிட்டாலும் அதிலிருந்து ஓரிரு கவளமாவது கொடுங்கள் என்ற கட்டளை அது. அதற்குச் சொல்லப்படும் காரணம், அதைச் சமைக்கும் சிரமத்தையும் அடுப்பின் வெக்கையையும் தாங்கியவர் அவர்தான் என்பது. எண்ணெய்ச் சட்டிக்கு அருகே எட்டு மணி நேரம் நிற்பவர்களை இன்று யார் உட்காரச் சொல்கிறார்கள்? கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்பதற்கே 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

நம் மஹல்லாவில் ஒரு தாய், ஷார்ஜாவில் பர்கர் கடையில் வேலை பார்க்கும் மகனின் படத்தை மொபைலில் காட்டினார். சிவப்புத் தொப்பி, சட்டையில் பெயர் வில்லை. “பிள்ளை ஏசி ரூம்லதான் ஹஜ்ரத் வேலை, வெயில் கிடையாது” என்றார். மகனிடம் தனியாகப் பேசியபோது வேறு சொன்னான். எந்த நாட்டுக்காரர் எப்படித் திட்டுவார் என்று அவனுக்கு அத்துப்படி. “உம்மாகிட்ட சொல்லிடாதீங்க” என்றான். இப்படி ஒரு பிள்ளை வெளிநாட்டில் இல்லாத வீடு நம் ஊரில் குறைவு.

விடுமுறை முடிந்து சென்னைக்குத் திரும்பும்போது, மகளின் வற்புறுத்தலால் அதே கடையில் நிறுத்தினோம். கவுன்டரில் வேறொருவர் இருந்தார். “போன வாரம் சாயங்காலம் இங்கே ஒரு தம்பி இருந்தாரே, ஒல்லியா, கண்ணாடி போட்டு. அவரைப் பார்க்கணும்” என்றோம்.

அவர் முகம் மாறிவிட்டது. கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: “ஏன் சார், அவன் என்ன பண்ணினான்?”