கைத்தொலைபேசி எனும் றங்குப் பெட்டி

யாழ்ப்பாணத்து வீடுகளில் முன்னாளில் ஒரு றங்குப் பெட்டி இருக்கும். காணி உறுதி, சாதகக் குறிப்பு, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் படம், கடல் கடந்து போன மகன் எழுதிய கடிதங்கள் யாவும் அதற்குள் அடங்கும். சாவி எங்கே இருக்கிறதென்பது வீட்டுக்காரருக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். வெள்ளமோ நெருப்போ வந்தால் முதலில் தூக்கப்படுவதும் அப்பெட்டிதான்.

இன்று பிரித்தானியாவில் வாழும் நம்மவரின் றங்குப் பெட்டி சட்டைப் பையிலும் கைப்பையிலும் இருக்கிறது. 2007ஆம் ஆண்டில் ஐபோனும், 2008ஆம் ஆண்டில் அன்ட்ரொயிட் முறையில் இயங்கும் முதற் கைத்தொலைபேசியும் விற்பனைக்கு வந்தன. அதன் பின் குறுகிய காலத்துக்குள் வங்கி, வைத்தியர், ஆலயம், ஊர், உறவு யாவும் அந்தச் சிறு கருவிக்குள் வந்து சேர்ந்துவிட்டன. ஆனால் பழைய பெட்டிக்குக் காட்டிய கவனத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் இதற்குக் காட்டுவோர் குறைவு.

கணவர் காலமானபின் அவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய குரற் செய்திகளை நாளும் கேட்டு ஆறுதல் அடையும் தாய்மார் உண்டு. ஒரு நாள் அந்தக் கைத்தொலைபேசி உறைந்து நின்றுவிட்டால், அவசரப்பட்ட ஒருவர் "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாற் சரி" என்று அழித்துவிட்டால், அக்குரல் திரும்பி வராது. பழுது சிறியது, இழப்பு பெரியது. இத்தகைய இழப்பைத் தவிர்ப்பதற்கு அங்கத்தவர்கள் அறிந்திருக்க வேண்டிய சில முறைகள் கீழே தரப்படுகின்றன.

நாட்களும் திதிகளும்

கைத்தொலைபேசியிலுள்ள கலண்டர் மிகவும் உதவியானது. வைத்தியசாலைத் தவணை, கார்க் காப்புறுதி முடியும் நாள், கடவுச்சீட்டுக் காலாவதி ஆகியவற்றை அதில் எழுதி, ஒரு நாள் முன்னதாகவும் ஒரு மணி நேரம் முன்னதாகவும் நினைவூட்டும்படி அமைத்துக் கொள்ளலாம். கடவுச்சீட்டுக்கு மட்டும் ஒன்பது மாதம் முன்னதாகவே நினைவூட்டல் வைப்பது நலம். பல நாடுகள் ஆறு மாதச் செல்லுபடிக் காலத்தை எதிர்பார்ப்பதே அதற்குக் காரணம்.

பிறந்த நாளை 'ஆண்டுதோறும்' என்று குறித்துவிட்டால் அது தவறாது வரும். பெற்றோரின் திவசத்தை அவ்வாறு குறிப்பது பிழை. திதி சந்திரனைப் பற்றி நடப்பது. பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் ஏறக்குறைய 354 நாட்களே ஆகும். ஆகவே ஆங்கிலத் திகதியோடு அது ஒட்டி நிற்பதில்லை. சென்ற ஆண்டின் திகதியைக் கலண்டர் இவ்வாண்டும் காட்டும்போது உண்மையான திதி கடந்து போயிருக்கக் கூடும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஊரிலிருந்து அனுப்பப்படும் பஞ்சாங்கக் குறிப்பு ஊர் நேரத்திற்கு உரியது. இலங்கை நேரம் குளிர்காலத்தில் பிரித்தானிய நேரத்திலும் ஐந்தரை மணி முன்னே நிற்கும். கோடையில், இங்கே மணிக்கூட்டை மாற்றியபின், நாலரை மணி முன்னே நிற்கும். யாழ்ப்பாணத்தில் செவ்வாய்க்கிழமை அதிகாலை 3 மணிக்குத் தொடங்கும் ஒரு திதி, குளிர்காலத்து இலண்டனில் திங்கட்கிழமை இரவு 9.30 மணிக்கே தொடங்கிவிடுகிறது. ஆகையால் இவ்வூருக்குக் கணிக்கப்பட்ட பஞ்சாங்கத்தைப் பார்த்தோ ஆலயக் குருக்களைக் கேட்டோ ஆண்டின் தொடக்கத்தில் திவசம், சதுர்த்தி, பிரதோஷம், சஷ்டி முதலிய நாட்களை ஒரே இருப்பில் எழுதிவிடுவது நன்று. அரை மணி நேர வேலை ஆண்டு முழுவதற்கும் போதும்.

பூசை வேளையில் ஒலியை அடக்குவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஐபோனை மௌன நிலையில் வைத்தாலும் அலாரம் ஒலிக்கவே செய்யும். மருந்து வேளைக்கு அலாரம் வைத்திருப்போர், தீபாராதனையின்போது அது ஒலிக்காதவாறு நேரத்தைச் சற்றே தள்ளி வைத்தல் வேண்டும்.

இடம் நிறைந்துவிட்டால்

'இடம் போதாது' என்ற அறிவிப்பே பெரும்பாலானோர் காணும் முதற் குறைபாடு. இடம் முற்றாக நிறைந்தால் படம் எடுக்க முடியாது, செய்தி வராது, கருவி மந்தமாகும், புதிய பதிப்பும் ஏறாது. இதற்குப் பெருங் காரணம் காலை வணக்கப் படங்களும், பலர் கைமாறி வந்த காணொளிகளுமே. ஒரே பிள்ளையார் படம் ஐந்து குழுக்களிலிருந்து ஐந்து முறை வந்து சேர்ந்திருக்கும்.

வட்ஸ்அப்பில் செற்றிங்ஸ் பகுதிக்குள் 'ஸ்ரோரேஜ் அன்ட் டேற்றா', அதற்குள் 'மனேஜ் ஸ்ரோரேஜ்' என்ற இடத்தைத் திறந்தால் பெரிய காணொளிகளும், பலமுறை கைமாறி வந்தவையும் தனித்தனியே காட்டப்படும். வேண்டியவற்றை வேறிடத்தில் வைத்துவிட்டு மிகுதியை அழிக்கலாம். அதே பகுதியில், படங்களும் காணொளிகளும் தாமாகவே இறங்குவதை நிறுத்தவும் வழி உண்டு. நிறுத்திவிட்டால், விரும்பித் தொட்டவை மட்டுமே இறங்கும்.

அழித்த படங்கள் உடனே மறைவதில்லை. ஐபோனில் 'றீசன்ற்லி டிலீற்றட்' என்ற தொகுதியில் 30 நாட்களாவது கிடக்கும். தவறுதலாக அழித்தவர்கள் அங்கே தேடி மீட்கலாம். இடம் உடனே வேண்டுமென்றால் அத்தொகுதியையும் வெறுமையாக்க வேண்டும்.

படங்களுக்கு இரண்டாவது இருப்பிடம்

ஓரிடத்தில் மட்டும் இருக்கும் படம் பாதுகாப்பான படமன்று. ஐபோன் வைத்திருப்போருக்கு ஐகிளவுட்டில் 5 ஜிபி இடமும், கூகுள் கணக்கு உள்ளோருக்கு 15 ஜிபி இடமும் இலவசமாகக் கிடைக்கின்றன. கூகுள் போட்டோஸ் எல்லையின்றி இலவசமாகப் படங்களைச் சேமித்த காலம் 2021ஆம் ஆண்டு யூன் மாதத்துடன் முடிந்துவிட்டது. மின்னஞ்சலும் படங்களும் ஏனைய கோவைகளும் அதே 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும். நிறைந்தபின் புதிய படங்கள் சேமிக்கப்படுவதில்லை. ஆனால் பலர் அந்த அறிவிப்பைத் தட்டிவிட்டுச் சேமிப்பு நடப்பதாகவே எண்ணிக் கொண்டிருக்கிறார்கள்.

இங்கே பெரிதும் நேரும் தவறு ஒன்று உண்டு. ஐகிளவுட் போட்டோஸ் இயங்கும்போது கைத்தொலைபேசியில் ஒரு படத்தை அழித்தால், அது ஐகிளவுட்டிலும் அழிந்துவிடும். கூகுள் போட்டோஸிலும் சாதாரணமாக அழித்தால் இரண்டு இடத்திலும் போய்விடும். சேமிக்கப்பட்ட படங்களைக் கருவியிலிருந்து மட்டும் நீக்குவதற்கு 'பிறீ அப் ஸ்பேஸ்' என்ற வழியையே கூகுள் போட்டோஸில் கையாள வேண்டும். கலியாணம், பூப்புனித நீராட்டு, பெற்றோரின் கடைசிக் காலப் படங்கள் போன்றவற்றை ஆண்டுக்கொருமுறை கணினியிலோ தனி வன்தட்டிலோ பிரதி எடுத்து வைப்பது இன்னும் நலம்.

வட்ஸ்அப் உரையாடல்களுக்குத் தனிச் சேமிப்பு வேண்டும். செற்றிங்ஸ் பகுதியில் 'சற்ஸ்', அதனுள் 'சற் பக்அப்' என்ற இடத்தில் கடைசியாக எந்த நாளிற் சேமிக்கப்பட்டது என்பது காட்டப்படும். அத்திகதி மாதங்கள் பழையதாக இருந்தால் அன்றே சேமித்துவிட வேண்டும். குரற் செய்திகள் இதில் சேரும். காணொளிகளையும் சேர்ப்பதென்றால் அதனைத் தனியே தெரிவு செய்தல் வேண்டும்.

இயக்கம் தடைப்பட்டால்

பழுது வந்தவுடன் அழித்துத் தொடங்குவது, தலைவலிக்குத் தலையையே வெட்டுவது போன்றது. கீழ்க்காணும் ஒழுங்கில் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க வேண்டும்.

முதலாவது, கருவியை நிறுத்தி மீண்டும் இயக்குதல். பல குறைகள் இதனாலேயே தீரும். திரை உறைந்து, தொட்டும் அசையவில்லையென்றால், ஐபோன் 8 முதலான கருவிகளில் ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தி விட்டு, அடுத்து ஒலியைக் குறைக்கும் பொத்தானை அழுத்தி விட்டு, பின்னர் பக்கப் பொத்தானை அப்பிள் சின்னம் தோன்றும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். சாம்சங் கருவிகளில் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் பக்கப் பொத்தானையும் ஒன்றாகச் சிறிது நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இவற்றால் எந்தப் படமும் செய்தியும் அழிவதில்லை.

இரண்டாவது, குறை கருவியிலா இணைப்பிலா என்று அறிதல். வீட்டு வைபையை நிறுத்திவிட்டுத் தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பில் முயன்று பார்க்கலாம். அதில் வேலை செய்தால் குறை வீட்டு இணைப்பில்தான்.

மூன்றாவது, ஒரே ஒரு செயலி மட்டும் தொல்லை தருகிறதா என்று பார்த்தல். அப்படியானால் அதனை மூடித் திறந்து, அதன் புதிய பதிப்பை ஏற்ற வேண்டும். அன்ட்ரொயிட் கருவிகளில் அச்செயலியின் 'கிளியர் கேஷ்' என்பதைத் தொடலாம். அது தற்காலிகக் கோவைகளை மட்டுமே நீக்கும். அருகிலேயே இருக்கும் 'கிளியர் டேற்றா' அல்லது 'கிளியர் ஸ்ரோரேஜ்' என்பது வேறு. அது அச்செயலியில் உள்ளவற்றையெல்லாம் துடைத்துவிடும். வட்ஸ்அப்பிற் சேமிப்பு எடுக்காமல் அதனைத் தொடவே கூடாது.

நாலாவது, கேளாமலே விளம்பரங்கள் திரையில் தோன்றினால் அண்மையில் ஏற்றிய செயலியே பெரும்பாலும் காரணம். அன்ட்ரொயிட்டில் 'சேஃப் மோட்' முறையில் இயக்கினால், பின்னர் ஏற்றிய செயலிகள் இயங்கா. அப்போது விளம்பரம் நின்றால் காரணம் தெளிவு. சந்தேகமானதை நீக்கிவிடலாம்.

ஐந்தாவது, இயங்குமுறையின் புதிய பதிப்பு. சார்ஜ் நிறைவாக இருக்கையில், வைபை இணைப்பில், சேமிப்பு எடுத்த பின்னர் ஏற்ற வேண்டும். பிள்ளைகள் பாவித்துக் கொடுத்த மிகப் பழைய கருவிகளுக்குப் புதிய பதிப்பு வராது. 2025ஆம் ஆண்டு மே மாதம் தொடக்கம் ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் ஆகியவற்றில் வட்ஸ்அப் இயங்குவதில்லை. அக்குறையைத் திருத்தும் வழி இல்லை. கருவியை மாற்றவே வேண்டும்.

இவை யாவும் பயன்தராதபோது மட்டுமே முற்றாக அழித்துத் தொடங்குதல். சேமிப்பு எடுத்தாகிவிட்டதா, அப்பிள் அல்லது கூகுள் கணக்கின் கடவுச்சொல் கையில் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் 'ஆம்' என்று பதில் இருந்தாலன்றி இதிற் கைவைக்கலாகாது. திருத்தும் கடைக்குக் கொடுக்குமுன்னும் இவ்விரண்டையும் கேட்டுக் கொள்ள வேண்டும்.

பூட்டும் சாவியும்

வட்ஸ்அப் அனுப்பும் ஆறு இலக்க எண்ணை எவர் கேட்டாலும் கொடுக்கலாகாது. தெரிந்த ஓர் அன்பரின் பெயரில் "தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்று செய்தி வந்தால், அவருடைய கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கலாம். வட்ஸ்அப்பில் இரண்டாவது பூட்டாக ஓர் இரகசிய எண்ணையும் அமைத்துக் கொள்ளலாம். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி அவசரப்படுத்துவோரின் அழைப்பைத் துண்டித்துவிட்டு 159 என்ற இலக்கத்தை அழைத்தால், பிரித்தானியாவின் பெரும்பாலான வங்கிகளோடு நேரடியாக இணைப்பார்கள். ஐயத்துக்கிடமான குறுஞ்செய்திகளை 7726 என்ற இலக்கத்துக்கு இலவசமாக அனுப்பலாம்.

பூட்டு இருப்பது போலவே சாவியும் ஒருவரிடம் இருக்க வேண்டும். கணவரின் கைத்தொலைபேசியைத் திறக்கும் எண் மனைவிக்குத் தெரியாமற் போனால், அவர் காலமானபின் கடை எதுவும் அதனைத் திறந்து தருவதற்கில்லை. அழிப்பது ஒன்றே அவர்களாற் கூடியது. இதனை முன்னறிந்தே அப்பிள் நிறுவனம் 2021ஆம் ஆண்டு முதல் 'லெகசி கொன்ராக்ற்' என்ற ஏற்பாட்டைத் தந்திருக்கிறது. ஐவர் வரை நியமிக்கலாம். கணக்குடையவர் மறைந்தபின் அவர்கள் மரணச் சான்றிதழுடன் விண்ணப்பித்து, அவர் ஐகிளவுட்டிற் சேமித்து வைத்த படங்களையும் குறிப்புகளையும் பெறலாம். கூகுளில் 'இனக்ரிவ் அக்கவுண்ற் மனேஜர்' என்ற ஏற்பாடு உண்டு. இரண்டு ஆண்டு பாவிக்கப்படாத தனியார் கணக்குகளைக் கூகுள் அழித்துவிடக் கூடும் என்பதையும் மறக்கலாகாது.

கடவுச்சொற்களை ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் பத்திரமான இடத்தில் வைப்பதை இளைஞர்கள் நகைக்கலாம். வயது முதிர்ந்தோருக்கு அது தக்க முறையே. கைப்பையிற் கொண்டு திரியாதிருந்தாற் போதும்.

செய்ய வேண்டியவை பல போலத் தோன்றினும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இதற்குப் போதும். பேரப்பிள்ளைகளை அருகில் இருத்தி, முதலில் சேமிப்பு, அடுத்து இடம் ஒழித்தல், பிறகு புதிய பதிப்பு, கடைசியாகச் சாவியை எவரிடம் ஒப்படைப்பதென்ற முடிவு என்று வரிசையாகச் செய்துவிடலாம். பொறுமையோடு சொல்லிக் கொடுப்பது பிள்ளைகளின் கடன். தெரியாததைக் கேட்பதற்குப் பெரியோர் கூச வேண்டியதில்லை. படங்களை ஒழுங்குபடுத்தும்போது, அதில் நிற்பவர் இன்னார், இவ்வூர், இன்ன முறை என்று பெரியோர் பெயர் சொல்லிக் கொடுத்தால், அவையும் பிள்ளைகளிடம் பத்திரமாகச் சேர்ந்துவிடும்.